முன்கவ்வியில் ஒட்டிய சந்தனம்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு எத்தனை வேலை என்று சொல்ல முடியாது. ரிக் வண்டியில் ஏறிப் போர்வெல் போட சத்தீஸ்கர், ஒரிசா வரை போயிருக்கிறேன். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் துளை போடும் மிஷினுக்கு ஹெல்ப்பராக இருந்தேன். லாரிக்கு லோடு ஏற்றியிருக்கிறேன். எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் இரண்டு ஆடி மாதத்தைப் பார்த்ததில்லை. ஒரே ஒரு இடத்தில்தான் நான்கு வருடம் தங்கினேன். அது ஒரு ரைபிள் சங்கம். அங்கிருந்து என்னை யாரும் விரட்டவில்லை. இருக்க முடியாமல் போனது. அதைத்தான் எழுதுகிறேன்.

சிறுவாச்சூரைத் தாண்டி உள்ளே போனால் கல் எடுத்து முடித்த ஒரு குவாரி கிடந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்து முந்நூறு மீட்டர் தூரத்துக்கு மைதானம் போட்டார்கள். கல் வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். குண்டு பாறையில் பட்டால் தெறிக்கும். அதனால் பாறையை மறைத்து மண் கரை எழுப்பினோம். கரைக்கு முன்னால் ஆள் நிற்கும் ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டி, சிமெண்ட் பூசி, அதற்குள் ஆறு இரும்புச் சட்டங்களை நட்டோம். இலக்குத் தாளைச் சட்டத்தில் மாட்டி மேலே தூக்கினால் சுடுகிறவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு குண்டுக்கும் கீழே இறக்கி, ஓட்டையில் ஒரு வட்ட அட்டையைச் செருகி மறுபடி தூக்க வேண்டும். முந்நூறு மீட்டருக்கு அப்பால் படுத்திருப்பவர் அந்த அட்டையை வைத்துத் தன் குண்டு எங்கே விழுந்தது என்று தெரிந்துகொள்வார். வேலை முடிந்ததும் என்னை அந்தப் பள்ளத்திலேயே வைத்துக்கொண்டார்கள். ஆறாம் சட்டம் என்னுடையது.

தலைக்கு மேல் குண்டு போகும் சத்தத்துக்குப் பத்து நாளில் பழகிவிட்டேன். துளை மிஷினுக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு அது பெரிய சத்தமில்லை.

என் மனைவி எனக்கு அத்தை மகள். குன்னம் பக்கம், சோளமும் பருத்தியும் போடுகிற வீடு. பெரம்பலூரில் காலேஜ் படித்தவள். அங்கே என்.சி.சி.யில் சின்ன ரைபிளில் சுட்டு ஒரு கோப்பை வாங்கியிருந்தாள். அதில் முந்திரிப்பருப்பு போட்டு வைத்திருந்தாள். எனக்குச் சோறு கொண்டு வந்தவள், ஒரு நாள் சுபேதார் சாரிடம் நேராகப் போய்க் கேட்டாள்.

"சார், ஒரு குண்டு குடுங்க. சுட்டுப் பாக்கறேன்."

சுபேதார் சார் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தின் துப்பாக்கி அறைக்கும் மைதானத்துக்கும் அவர்தான் பொறுப்பு.

"ஒரு குண்டு என்னம்மா, தீபாவளி வெடியா? மெம்பர் ஆவு. மாசம் பூரா சுடு."

"மெம்பர் ஆவ என்ன வேணும்?"

"பொறுமை வேணும். இவனக் கட்டிட்டு இருக்கியே, அது ஒனக்கு இருக்கும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் வருடம் அவள் சாதாரணமாகச் சுட்டாள். பிறவித் திறமை என்றெல்லாம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நாள் செய்ததை மறு நாளும் அப்படியே செய்வாள். துப்பாக்கிக் கட்டையைத் தோளில் வைக்கும் இடம், கன்னம் படும் இடம், மூச்சை விட்டு நிறுத்தும் நேரம் எதுவும் மாறாது. தூரத்தில் சுடுவதற்கு அதுதான் வேண்டும் என்று சுபேதார் சார் சொல்வார். மாறாத கை, மாறாத தோட்டா, ஆடாத ஸ்கோப்.

தோட்டா விஷயத்தில் அவள் கறாரானவள். எங்கள் சங்கத்தில் வெடிமருந்தை நாமே அளந்து நிரப்பிக்கொள்ளும் வழக்கம் கிடையாது. பெட்டியில் வருவதுதான். நூற்று அறுபத்தெட்டு கிரெய்ன் எடைக் குண்டு என்று பெட்டியில் போட்டிருக்கும். ஆனால் ஒவ்வொரு தோட்டாவும் எடையில் ஒரு மயிரிழை கூடவோ குறையவோ இருக்கும். அந்த வித்தியாசம் பக்கத்தில் தெரியாது. முந்நூறு மீட்டரில் ஒரு விரல் அகலம் மேலோ கீழோ காட்டிவிடும். நகைக்கடையில் ஒதுக்கிய பழைய தராசு ஒன்றை அவள் வாங்கி வந்தாள். சங்கத்து ஆபீசில் சுபேதார் சார் முன்னிலையில் ஒவ்வொரு தோட்டாவாக நிறுப்போம். காற்று பட்டால் தராசு ஆடும் என்று ஃபேனை நிறுத்திவிடுவாள். சித்திரை மாதத்தில் ஃபேன் இல்லாமல் மூன்று பேரும் வேர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

"எனக்குத் தாலி எடுக்கறப்ப கூட நீங்க இவ்வளவு நேரம் தராசப் பாக்கல மாமா" என்பாள்.

"அது ஒரு தடவ எடுக்கறதுதான. இது தெனமும் எடுக்கறது."

"ரெண்டு பேரும் பேசாம இருங்க" என்பார் சுபேதார் சார். "நீங்க விடற மூச்சுலயே முள்ளு ஆடுது."

ஒரே எடை உள்ளவற்றைத் தனியாக எடுத்து அவள் பெயர் எழுதிய டப்பாவில் போட்டு உள்ளே வைத்துப் பூட்டுவார். மற்றவை பயிற்சிக்கு. வெயிலில் டப்பாவை வைக்க விடமாட்டாள். தோட்டா சூடானால் குண்டு மேலே ஏறும்.

ரைபிள் மேல் பொருத்தும் தொலைநோக்கியான ஸ்கோப் சங்கத்துடையது. அதன் வழியாகப் பார்க்க ஒரே ஒரு தடவை எனக்கு விட்டார்கள். தூரத்தில் இருந்த என் பள்ளத்தின் சிமெண்ட் விளிம்பில் ஓர் ஓணான் தலையாட்டியது தெரிந்தது. அதற்கு மேலே கானல் ஆற்றுத் தண்ணீர் போல் இடமிருந்து வலமாக ஓடியது. அது ஓடும் வேகத்தைப் பார்த்துத்தான் காற்றைக் கணக்குப் போட வேண்டும். மேலே ஒரு குமிழ், பக்கத்தில் ஒரு குமிழ். திருகினால் சொடுக்குப் போட்ட மாதிரி ஒரு சத்தம் வரும். ஒரு சொடுக்கு, முந்நூறு மீட்டரில் இரண்டு சென்டிமீட்டர். நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டம் உள்ளங்கை அகலம்தான்.

ஸ்கோப்பை ரைபிளோடு பிடித்திருப்பவை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு கவ்விகள். அவற்றை சுபேதார் சார் மட்டும்தான் தொடுவார். முறுக்கை அளந்து காட்டும் சாவி ஒன்று வைத்திருந்தார். அதைப் போட்டு இறுக்கிவிட்டு, திருகாணித் தலையில் இருந்து கவ்வி வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுவார். திருகாணி திரும்பினால் கோடு விலகிக் காட்டிவிடும்.

"குழல மாத்துனாலும் மன்னிச்சுடுவேன். கவ்விய எவனாவது தொட்டான், கைய ஒடிச்சுடுவேன்" என்பார்.

மூன்றாம் வருடம் அவள் சங்கத்திலேயே முதல் ஆள். அந்த வருடம் ஸ்கோப் வைத்துச் சுடும் பிரிவுக்கு மாநில அணித் தேர்வை எங்கள் மைதானத்தில் வைத்தார்கள். முதல் இரண்டு பேர் அணிக்குப் போவார்கள். அணியில் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலைக்கு மனுப் போடலாம். அவளுக்கு வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. அடுத்த வருடம் ஜெயித்தாலும் கோப்பைதான், வேலை இல்லை.

"எனக்கு வேலை கெடச்சா நீங்க எங்கயும் ஓட வேணாம் மாமா" என்று ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது சொன்னாள். "ரிக்கு வண்டி, லாரின்னு எதுலயும் ஏற வேணாம். வூட்டுலயே கெடங்க. நான் சோறு போடறேன்."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அது வரை யாரும் இரு என்று சொன்னதில்லை.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு ஆயுத பூஜை வந்தது. சுரங்கத்தில் ஆயுத பூஜை என்றால் மிஷினை அப்படியே நிறுத்திப் பொட்டு வைக்கமாட்டோம். எல்லாவற்றையும் கழற்றுவோம். துளைக்கம்பி, முனை, ஸ்பேனர், நட்டு, வாஷர் வரை மண்ணெண்ணெயில் கழுவி, சாக்கில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். ஒரு வருடம் கம்ப்ரசரைக் கழற்றாமல் மேலாகப் பொட்டு வைத்து முடித்துவிட்டார்கள். பொங்கலுக்குள் அதன் பெல்ட்டில் ஒருவன் கை போனது. பொட்டு வாங்காத பாகம் கோபித்துக்கொள்ளும் என்று அங்கே எல்லோரும் நம்பினோம். நானும் நம்பினேன். இப்போதும் முழுதாக நம்பாமல் இல்லை.

சங்கத்தில் துப்பாக்கி அறையைத் திறந்து, மேஜையில் வெள்ளைத்துணி விரித்து, ரைபிள்களை வரிசையாக வைத்தோம். சுபேதார் சார் என்னைப் பார்த்து, "மேலாப் பொட்டு வச்சாப் போதும். எதையும் கழட்டிட்டு நிக்காத" என்றார். பொரியும் வாழைப்பழமும் வந்து சேரவில்லை என்று வாசல் கேட்டுக்கே போய்விட்டார். அரை மணி நேரம் நான் மட்டும் இருந்தேன்.

மற்ற ரைபிள்களுக்கு அவர் சொன்னபடியே வைத்தேன். அவளுடையது வந்தபோது கை நின்றுவிட்டது. ரைபிளுக்குப் பொட்டு வைத்தாயிற்று. ஸ்கோப் தனிக் கருவி. அவள் கண்ணே அதுதான். அதற்கு என்று ஒரு பொட்டு வேண்டாமா? மேஜை இழுப்பறையில் திருகாணி கழற்றும் ஆலன் கீ இருந்தது. இரண்டு கவ்வியையும் தளர்த்தி ஸ்கோப்பைத் தனியாக எடுத்தேன். அதற்கு ஒரு பொட்டு வைத்தேன். அது உட்காரும் இரும்புப் பட்டைக்கும் ஒன்று வைத்தேன். கண்ணாடி மேல் விரல் படவில்லை. அவ்வளவு கவனம் எனக்கு. கற்பூரம் காட்டிக் கும்பிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மனசாரக் கும்பிட்டதில்லை.

கேட் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. பட்டையில் இருந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் துடைத்தேன். ஸ்கோப்பை வைத்துக் கைக்கு வந்த அளவுக்கு இறுக்கினேன். திருகாணித் தலையில் இருந்த வெள்ளைக் கோடு சரியாக ஒத்து வரவில்லை. அதன் மேலேயே ஒரு பொட்டு வைத்து மூடினேன்.

ஆயுத பூஜை அன்று யாரும் ஆயுதத்தைத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமிக்கு எடுத்துச் சுட்டுப் பார்ப்பதாக இருந்தது. அன்று காலையில் பிடித்த மழை சாயங்காலம் வரை விடவில்லை. அடுத்த நாள் விடிந்ததும் தேர்வு.

பள்ளத்தில் நாங்கள் ஆறு பேர். மேற்பார்வைக்கு வெளியூர் நடுவர் ஒருவர். ஆறு ஆறு பேராக மூன்று சுற்று. சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு முதல் சுற்றில் ஆறாம் எண் வந்தது. முறைப்படி நான் வேறு சட்டத்துக்கு மாறியிருக்க வேண்டும். நடுவருக்கு அவள் யார் என்று தெரியாது. நானும் சொல்லவில்லை. அவள் குண்டுக்கு நானே அட்டை செருக வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கணக்கில் சேராத முதல் குண்டுகள் இரண்டு சாண் தள்ளி விழுந்தன. ஆனால் அவள் சொடுக்குப் போட்டு நடுவுக்குக் கொண்டு வந்துவிட்டாள். சரி, அவ்வளவுதான், தப்பித்தோம் என்று நினைத்தேன். கணக்குக் குண்டு இருபது. முதல் மூன்றும் பத்து. அட்டையைச் செருகித் தூக்கும்போது என் கையே சிரித்தது.

நான்காவது குண்டு ஒரு முழம் மேலே, வலப்பக்கம் போனது. ஐந்தாவதும் அங்கேயே. ஆறாவது நடுவில். ஏழாவது மறுபடி மேலே, ஐந்தாவதன் பக்கத்தில்.

பள்ளத்தில் மூன்று வருடம் தாளைப் பார்த்தவனுக்கு இது தெரியும். சுடுகிறவர் பதறினால் குண்டு நாலா பக்கமும் சிதறும். காற்றை விட்டுவிட்டால் பக்கவாட்டில் நீளும். ஸ்கோப் ஆடினால் மட்டும்தான் இரண்டு கூட்டமாகப் பிரியும். கோழி முட்டை வைத்த மாதிரி இங்கே நாலு, அங்கே நாலு. முன்கவ்விக்கு அடியில் நான் துடைக்காமல் விட்ட சந்தனம் காய்ந்து நகக்கீற்று மாதிரி நின்றிருக்கும். குழல் சூடாகி ஒவ்வொரு உதைக்கும் ஸ்கோப் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி உட்கார்ந்திருக்கும். அவள் தன்னைத் திருத்திக்கொள்வதாக நினைத்து ஒவ்வொரு தடவையும் சொடுக்கு மாற்றினாள். அதனால் இன்னும் கெட்டது.

பள்ளத்துச் சுவரில் ஒரு பழைய ராணுவப் போன் இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் சுடும் கோட்டில் சுபேதார் சாருக்கு மணியடிக்கும். கருவிப் பழுது என்று ஒருவர் சொன்னால் போதும். சுடுகிறவரின் நேரத்தை நிறுத்திவிட்டு, பழுது பார்த்து, முதலில் இருந்து சுட விடுவார்கள். விதியிலேயே இருக்கிறது. ஒன்பதாவது குண்டுக்குப் பிறகு நான் போய்ச் சுற்றினேன்.

"என்னய்யா?" என்றார்.

ஸ்கோப்பைக் கழட்டினேன் சார் என்று சொல்ல வேண்டும். மூன்று வார்த்தை. சொன்னால் என் வேலை போகும். அறையைத் திறந்து விட்டுப் போனதற்கு அவருக்கும் கெட்ட பெயர். அதெல்லாம் பிறகு நான் சேர்த்துக்கொண்ட காரணங்கள். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அவள் எழுந்து நின்று, ஹெட்போனைக் கழற்றிவிட்டு, முந்நூறு மீட்டர் தூரத்தில் இருந்து இந்தப் பள்ளத்தைப் பார்ப்பாள்.

"என்னய்யா, சொல்லு."

"ஒண்ணுமில்ல சார். ஆறாம் நம்பர்ல தாளு கிழிஞ்சிருந்துச்சு. ஒட்டிட்டேன்."

"சரி, சீக்கிரம் தூக்கு. அந்தப் புள்ளைக்கு நேரம் போவுது."

தூக்கினேன். மீதி பதினொரு குண்டுக்கும் நானே அட்டை செருகி நானே தூக்கிக் காட்டினேன். கடைசி நாலைந்து குண்டுக்கு அவள் நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். பதினெட்டாவது தாளிலேயே படவில்லை. படவில்லை என்றால் கொடியை ஆட்ட வேண்டும். ஆட்டினேன்.

இரண்டு இடத்துக்கு அவள் ஏழாவதாக வந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் சுபேதார் சார் அவளுடைய குறிப்புத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இது ஒன் சூடு இல்லம்மா. ஸ்கோப்பு ஆடியிருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. சாப்புட்டு வந்து நானே பாக்கறேன். ஆடியிருந்தா இன்னைக்கே எழுதிக் குடுத்து மறுபடி கேப்போம்" என்றார். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. சோற்றைப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டாள்.

ரைபிள்களைத் துடைத்து அறைக்கு எடுத்துப் போகும் வேலை என்னுடையது. எல்லோரும் இலையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே போனேன். கவ்வியைக் கழற்றி, பட்டையில் இருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி, துணியால் துடைத்தேன். அவருடைய முறுக்குச் சாவியையே எடுத்து, அவர் செய்வதைப் போலவே சத்தம் வரும் வரை இறுக்கினேன். வெள்ளைப் பெயிண்ட் பாட்டில் அங்கேயே இருந்தது. கோடும் இழுத்தேன். இதை எந்தப் பதற்றமும் இல்லாமல் செய்து முடித்தேன். அதுதான் எனக்கு இன்று வரை புரியவில்லை.

சுபேதார் சார் வந்து சாவி போட்டுப் பார்த்தார். இம்மி அசையவில்லை. அவரே படுத்து ஐந்து குண்டு சுட்டார். இடம் தள்ளி விழுந்தது. அவள் சொடுக்கை மாற்றி மாற்றி வைத்ததுதான் காரணம் என்று அவர் நினைத்தார். ஆனால் ஐந்தும் ஒன்றோடு ஒன்று ஒட்டி விழுந்தன. ஒரு தீப்பெட்டியை வைத்து மூடிவிடலாம். அவளும் நானும் பக்கத்தில் நின்று பார்த்தோம்.

"துப்பாக்கில ஒண்ணும் இல்லம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"சரிங்க சார்" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் ஒன்றே ஒன்று கேட்டாள். "எனக்கு எல்லாம் சரியாத்தான் மாமா தெரிஞ்சுது. சரியாத் தெரிஞ்சும் தப்பாப் போச்சுன்னா, அப்ப எனக்குத் தெரியறதே தப்புதான?"

"ஒரு நாளு அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அந்த மாதம் அவள் இன்னும் இரண்டு தடவை சுட்டுப் பார்த்தாள். இப்போது உண்மையாகவே கெட்டுவிட்டிருந்தது. விசையை அழுத்துமுன் கண்ணை மூடினாள். குண்டு சிதறியது. திருச்சிக்குப் போய்க் கண் ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டர் சொட்டு மருந்து விட்டு, எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, கடைசியில் சிரித்தார். "இந்தக் கண்ண வச்சிக்கிட்டு ஏம்மா வந்தீங்க? எனக்கே இப்படி இல்ல" என்றார். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தாள். சொட்டு மருந்தில் கண் கூசியது. முந்தானையால் மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். நான் டீ வாங்கி வந்தேன். ஆறிப்போனது.

அப்போதும் சொல்லவில்லை.

பருத்தி எடுக்க அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. சண்டை எதுவும் இல்லை. போவதற்கு முன்பே அவள் தன்னையே நம்பாமல் ஆகியிருந்தாள். குழம்பில் உப்புப் போட்டோமா என்று மூன்று தடவை கேட்பாள். பூட்டிய கதவை இழுத்து இழுத்துப் பார்ப்பாள். அதைப் பார்த்த பிறகு என்னாலும் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. ரிக் வண்டிக்காரருக்குப் போன் பண்ணினேன். ராய்ப்பூர் பக்கம் போய்விட்டேன். மாதம் ஒரு தடவை போனில் பேசுவோம். மழை பெய்ததா, சாப்பிட்டாயா. பிறகு அதுவும் குறைந்தது.

மூன்று வருடம் கழித்து ஊருக்கு வந்தபோது அவள் ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு முந்திரிக் கொட்டகையில் வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள். போனேன். நீள மேஜையில் பருப்பைக் கொட்டி முழுசு, உடைசல் என்று பிரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு மேற்பார்வையாக நின்றிருந்தாள். மூக்கில் கறுப்புச் சட்டம் போட்ட தடித்த கண்ணாடி.

"யாருக்கா இது, பொண்ணு பாக்க வந்திருக்காரா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்லடி, வித்த மாட்டத் தேடிக்கிட்டு வந்திருக்காரு" என்றாள் இன்னொருத்தி. மேஜை முழுக்கச் சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்தாள். கொட்டகைக்கு வெளியே வந்தோம்.

"கண்ணாடி எப்ப போட்ட?"

"ஆச்சு ரெண்டு வருசம்."

"டாக்டரு குடுத்தாரா?"

"அவரு எங்க குடுத்தாரு. கடையில போயி ஏதாச்சும் ஒரு பவரு குடுங்கன்னு நானே கேட்டு வாங்கிட்டேன். போட்டா தல வலிக்கும். இருந்தாலும் போட்டுக்கறது."

"ஒனக்கு எதுக்கு அது?"

"கண்ணு சரியில்லன்னு வச்சிக்கிட்டா கொஞ்சம் நிம்மதியா இருக்கு மாமா. கண்ணுல இல்லன்னா வேற எதுல கோளாறுன்னு தேடணும்ல."

ரிக் வண்டியில் கை நசுங்கியிருக்கிறது. டெங்குவில் முப்பது நாள் தகர ஷெட்டில் கிடந்திருக்கிறேன். இதைப் போல் ஒன்று என்னை அடித்ததில்லை. அங்கேயே, முந்திரித் தோல் குவித்து வைத்திருந்த இடத்தில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு வைத்தது, கவ்வியைக் கழற்றியது, போனைச் சுற்றியது, இலையில் அவள் உட்கார்ந்திருந்தபோது நான் உள்ளே போய் இறுக்கியது, பெயிண்ட் கோடு வரைக்கும். சுருக்கவில்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். கேள்விதான் கேட்டாள்.

"முன்னால இருக்கறதா, பின்னாலயா?"

"முன்கவ்வி."

"நாலாவது குண்டுலயே ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சா?"

"ஏழாவதுல உறுதியாத் தெரிஞ்சுது."

"ஒம்பதாவதுக்கு அப்பறம் தாளு மேல வர லேட்டாச்சு. அப்பதான் போன் பண்ணீங்களா?"

"ஆமா."

"நான் அந்த நேரத்துல மூச்ச எண்ணிக்கிட்டு இருந்தேன். அமைதியாத்தான் இருந்தேன்" என்றாள். பிறகு, "பொட்டு வச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டேன். கழட்டுனதுக்கு அரை மணி நேரம் திட்டியிருப்பேன். அவ்வளவுதான இருந்திருக்கும்? மத்தியானம் சாரு சுடறப்ப நீங்க என் பக்கத்துலதான் நின்னீங்க. அப்பவும் சொல்லல."

"சொல்லல."

"ஆஸ்பத்திரில டீ வாங்கிட்டு வந்தீங்க."

உள்ளே இருந்து யாரோ "அக்கா, மூட்ட வந்திருச்சு" என்று கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

பதினைந்து இருபது நாள் கழித்து போன் வந்தது. நான் அரியலூரில் ஒரு லாரி ஷெட்டில் தங்கியிருந்தேன். பகல் வேளை. எடுத்ததும் அவள் குரல் தெளிவாக இருந்தது. பழைய குரல்.

"சங்கத்துக்குப் போயிருந்தேன். சுபேதார் சாருகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அப்பறம் அவரே ஸ்கோப்ப மாட்டி அஞ்சு குண்டு குடுத்தாரு."

"சுட்டியா?"

"சுட்டேன். அஞ்சும் உள்ள."

"நல்லது" என்றேன்.

"நல்லதுதான். எனக்கு வயசு போச்சு, வேலைக்கு ஆவாது. சும்மா ஞாயித்துக்கெழம போயி சுடலாம்னு இருக்கேன். கை அப்படியேதான் இருக்கு. எங்கயும் போவல."

அவள் பக்கத்தில் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது.

"இன்னொரு விசயம். அரியலூர்லயே ஒரு வக்கீலப் பாத்துப் பேசியிருக்கேன். ரெண்டு பேரும் சம்மதிச்சா விவாகரத்து சீக்கிரம் முடிஞ்சிரும்னு சொன்னாரு. ஒரு நாளு வரணும், மனுவுல ஒரு கையெழுத்துதான். ஊர விட்டுப் போறதுக்குள்ள வந்துட்டுப் போயிடுங்க."

"வரேன்" என்றேன்.

"திங்கக்கெழம பத்து மணிக்கு. ஆதார் கார்டு எடுத்துட்டு வாங்க, போட்டோ ரெண்டு."